கார் எஞ்சினில் நீர்க்கசிவு: கண்டறிவதும் சரிசெய்வதும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேமிப்பைப் பற்றியும், பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், வீட்டுச் சுகாதாரத்தைப் பற்றியும் இத்தகைய கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று வேறுபட்டது. கார் எஞ்சினைக் குளிரச் செய்யும் நீர் எவ்வாறு கசிகிறது, அக்கசிவை எவ்வாறு கண்டுபிடிப்பது, எவ்வாறு சரிசெய்வது என்பதே அது. ‘பால்மரம் வெட்டும் நமக்குக் கார் எஞ்சினைப் பற்றிய பேச்சு எதற்கு?’ என்று சிலர் எண்ணக்கூடும். அக்கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுவோம்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார் ஒன்றுதான். பெரிய கிராணியார் ஒரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தாலே பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் நம் நாட்டிலேயே செய்யப்பட்டு வெளிவந்த பின்னர் அந்நிலை மாறியது. புதிய காராக வாங்க இயலாதவர்களும், சில ஆண்டுகள் ஓடிய காரைச் சீட்டுப் பணத்திலோ தீபாவளிப் போனசிலோ வாங்கத் தொடங்கினார்கள். இன்று லயத்து வாசல்களில் பழைய கார்கள் பல நிற்கின்றன. பேருந்து எட்டிப் பாராத தோட்டங்களில், இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிச் செல்வதும், தேர்வு நாளன்று பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் இந்தக் கார்களே. ஆகவே கார் என்பது இங்கு ஆடம்பரப் பொருள் அன்று. அது குடும்பத்தின் கையும் காலும் ஆகும்.

இப்படிப்பட்ட கார்களில் பல, நாள்பட்ட தேய்மானத்தினால் சாவதில்லை. ஒரு சில வெள்ளி பெறுமான ரப்பர் குழாயோ, அதனை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்போ, ரேடியேட்டர் மூடியோ பழுதுபட்டு, நீர் கசிந்து, அதனை எவரும் கவனியாமையால், எஞ்சின் வெந்து கெட்டுப்போகிறது. சில வெள்ளியில் முடிய வேண்டிய வேலை ஆயிரக்கணக்கான வெள்ளியில் வந்து முடிகிறது. பல மாதச் சம்பளம் ஒரே நாளில் கரைந்துவிடுகிறது.

குளிர்நீர் என்ன வேலை செய்கிறது?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது அங்கே தோன்றும் வெப்பம் ஒரு கணம் 2,000 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதமுள்ள பங்கை எஞ்சினின் உலோகத்திலிருந்து அகற்றுவதே குளிர்நீரின் வேலை. வாட்டர் பம்ப் அந்நீரை எஞ்சினுக்குள் ஓடச் செய்கிறது. சூடேறிய நீர் மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, காற்றுப் பட்டுக் குளிர்ந்து, கீழ்க் குழாய் வழியாக மீண்டும் எஞ்சினுக்குச் செல்கிறது. இடையே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு ஒன்று இருக்கிறது. எஞ்சின் வேண்டிய அளவு சூடாகும் வரையில் அது மூடியிருந்து, பெரும்பாலும் 80 டிகிரிக்குச் சற்று மேல் திறந்துகொள்கிறது.

ரேடியேட்டர் மூடியை நம்மில் பலர் வெறும் மூடி என்றே எண்ணுகிறார்கள். அது தவறு. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மலை உச்சியில் அதற்கும் குறைவான சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங் மலையில் 94 டிகிரி போதும். மூடியிலுள்ள வில், நீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கிறது. சதுர அங்குலத்திற்கு 13 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால், தண்ணீர் ஏறத்தாழ 119 டிகிரி வரையில் கொதிக்காது. அழுத்தமின்றி நீர் தளதளவென்று கொதித்தால் ஆவி வெளியேறும், நீர் குறையும், எஞ்சின் வேகும். ஆகையால் தளர்ந்துபோன மூடியும் ஒரு கசிவே ஆகும்.

சொட்டு நீர்தானே என்று எண்ணலாமா?

சொட்டின் மதிப்பைத் தோட்டத் தொழிலாளிக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மங்கில் சொட்டுச் சொட்டாக விழும் பாலே, நிரை முடிந்து பால் கொட்டகைக்கு வரும்போது வாளி வாளியாக நிற்கிறது. காரின் கணக்கும் அதுவே. விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால், 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், ஒரு மணி நேரத்தில் 180 மில்லிலிட்டர் போய்விடும். ஒரு நாள் முழுவதும் அவ்வாறு சொட்டினால் 4 லிட்டருக்கு மேல் ஆகும். சிறிய கார்களின் குளிர்நீர் முழுவதுமே ஏறத்தாழ 4 முதல் 6 லிட்டர்தான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நாம் சென்றிருந்த தோட்டமொன்றில் பால்மரம் வெட்டும் அன்பர் ஒருவர், பழைய கார் ஒன்றை வாங்கி நான்கு மாதங்களாக ஓட்டி வந்தார். வாரம் ஒருமுறை ரேடியேட்டரில் நீர் குறையும்; அவரும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார். ‘பழைய கார் என்றால் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும்’ என்று அக்கம்பக்கத்தாரும் கூறினார்கள். ஓரிரவு அவருடைய தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. பட்டணத்து மருத்துவமனைக்குப் புறப்பட்டவர், வழியிலிருந்த மேட்டில் ஏறும்போதே எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் வந்த லோரி ஓட்டுநர் ஒருவர் அன்புள்ளம் கொண்டு அம்மையாரை ஏற்றிச் சென்றதால் உயிர் பிழைத்தது. கார் பிழைக்கவில்லை. எஞ்சின் தலைப்பாகம் வளைந்து, கேஸ்கட் கிழிந்து, பிஸ்டன்கள் உராய்ந்து போயிருந்தன. பட்டறையில் பார்த்தபோது கசிவு இருந்த இடம், கீழ்க் குழாயின் முனையில் விரலளவு வெடிப்பு. கார் தண்ணீர் ‘குடிப்பது’ என்று ஒன்று இல்லை, நண்பர்களே. மூடிய வட்டத்திற்குள் ஓடும் நீர் அது. அடிக்கடி குறைகிறது என்றால், எங்கோ ஓரிடத்தில் வெளியேறுகிறது என்பதே பொருள்.

முதலில் காண்பவர் யார்?

கசிவை முதலில் காண்பவர் பெரும்பாலும் காரோட்டி அல்லர். அதிகாலையில் வாசல் பெருக்கும் வீட்டுத் தாயே ஆவார். கார் நின்ற இடத்தில் ஈரம் கண்டால், அதனைக் கூட்டித் தள்ளிவிடாமல் வீட்டாரிடம் கூறுங்கள். அன்றிரவே காருக்கடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் எந்த இடத்தில் கறை விழுந்திருக்கிறது, என்ன நிறம், எப்படிப்பட்ட பிசுபிசுப்பு என்று பாருங்கள்.

நிறமற்ற, மணமற்ற வெறும் தண்ணீர், முன்னிருக்கைப் பக்கமாக விழுந்திருந்தால் அது குளிர்சாதனத்திலிருந்து வடியும் நீர். அதனால் கெடுதல் இல்லை. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில், தொட்டால் வழுவழுப்பாகவும், சற்றே இனிப்பு மணத்தோடும் இருந்தால் அது கூலண்ட் கலந்த குளிர்நீர். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் எஞ்சின் எண்ணெய். சக்கரத்தின் அருகே இளமஞ்சளான வழுவழுப்பு இருந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அந்தக் காரைச் சோதிக்காமல் நகர்த்தவே கூடாது. இதுகாறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தவர்கள் நிறத்தைக் கொண்டு அறிய இயலாது. அவர்கள் கறை விழுந்த இடத்தையும், துருவின் நிறத்தையும் கொண்டே முடிவுக்கு வர வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எக்காரணம் கொண்டும் அந்நீரை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்க்காதீர்கள். கூலண்டில் பெரும்பாலும் எத்திலின் கிளைக்கால் என்னும் நஞ்சு இருக்கிறது. அது இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் குடித்துவிடுகின்றன. அது சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையும் வாங்கும். களைக்கொல்லி மருந்தைக் குடிபானப் புட்டியில் ஊற்றி வைத்ததனால் நேர்ந்த துயரங்களைத் தோட்டங்கள் அறியும். கூலண்டையும் அவ்வாறு ஊற்றி வைக்காதீர்கள். யாரேனும் குடித்துவிட்டால், மயக்கம் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல், டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சூடான மூடியைத் திறக்காதீர்கள்

தேடத் தொடங்கும் முன்னர் ஒரு கட்டளையை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர், மூடி திறந்த கணத்திலேயே ஆவியாகப் பொங்கி முகத்திலும் மார்பிலும் பாயும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, மேல் குழாயைத் தொட்டால் சூடு தெரியாத நிலையில், கனத்த துணியை மூடியின் மேல் போட்டு, முதல் தடை வரையில் மெல்லத் திருப்புங்கள். சீறல் அடங்கிய பின்னரே முழுதும் திறக்க வேண்டும். தவறி வெந்நீர் பட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரை நாடுங்கள். பற்பசை, கீச்சாப், தேங்காயெண்ணெய் ஆகியவற்றைப் பூசுவது புண்ணைக் கெடுக்கும்.

மின்விசிறி உள்ள கார்களில், எஞ்சினை நிறுத்திய பின்னரும் விசிறி தானாகவே சுழலத் தொடங்கலாம். கையையும் சேலைத் தலைப்பையும் அதனருகே கொண்டு செல்லாதீர்கள். காருக்கடியில் நுழைய வேண்டியிருந்தால், ஜாக்கை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ நுழையாதீர்கள். உறுதியான இரும்புத் தாங்கி இல்லையேல் அவ்வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே அறிவுடைமை.

கசிவைத் தேடும் முறை

மழைக் காலத்தில் பட்டை நனைந்திருக்கும்போது பால் வெட்டுக்கோட்டை விட்டு விலகி, மரத்தைச் சுற்றி வழிந்து, வேறோர் இடத்தில் சொட்டுவதைக் கண்டிருப்பீர்கள். சொட்டும் இடம் வேறு. புறப்பட்ட இடம் வேறு. காரிலும் அவ்வாறே. ஆகவே சொட்டும் இடத்தில் தொடங்கி, ஈரத்தைத் தொடர்ந்து மேல்நோக்கிச் செல்லுங்கள். ஈரத்தின் மிக உயர்ந்த இடமே பெரும்பாலும் கசிவின் பிறப்பிடம். ஈரம் காய்ந்திருந்தால், வெள்ளையாகவோ பச்சையாகவோ துரு நிறமாகவோ படிந்த உப்புக் கறை வழி காட்டும். பகலிலும் கைவிளக்கு ஒன்று தேவை.

முதலாவதாக, ரப்பர் குழாய்கள். ரப்பரைப் பற்றி நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இக்காலத்துக் குழாய்கள் பெரும்பாலும் செயற்கை ரப்பரில் செய்யப்படுபவை. எனினும் வெப்பமும் எண்ணெயும் இவற்றுக்கும் பகையே. எஞ்சின் ஆறியிருக்கும்போது குழாயை அழுத்திப் பாருங்கள். கல்லைப் போல் இறுகியிருந்தாலும், பஞ்சைப் போல் தளர்ந்திருந்தாலும், மொறுமொறுவென்று ஒலித்தாலும், எண்ணெய் பட்டு உப்பியிருந்தாலும் மாற்ற வேண்டும். குழாய்கள் பெரும்பாலும் உட்புறத்திலிருந்தே வெடிக்கத் தொடங்குகின்றன. அதுவும் முனையிலிருந்து இரண்டு அங்குலத்திற்குள். ஆகவே கிளிப்புக்கு அருகில் அழுத்திப் பார்ப்பது முக்கியம்.

இரண்டாவதாக, ரேடியேட்டர். இக்காலத்து ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியமாகவும், பக்கத்துத் தொட்டிகள் பிளாஸ்டிக்காகவும் இருக்கின்றன. இரண்டும் சேரும் விளிம்பிலும், குழாய் மாட்டும் கழுத்திலும், ஆண்டுகள் செல்லச் செல்ல மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும். சூடேறி அழுத்தம் கூடும்போது திறந்தும், ஆறியபின் மூடியும் கொள்ளும் இவ்வெடிப்பு, காலையில் பார்த்தால் தெரியாது. உப்புக் கறையே அதனைக் காட்டிக்கொடுக்கும். நீர் சேரும் துணைப் புட்டியின் அடியையும் தடவிப் பாருங்கள்.

மூன்றாவதாக, மூடி. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, வில் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் நடுவில் சிறிய வால்வு ஒன்றும் இருக்கிறது. எஞ்சின் ஆறும்போது துணைப் புட்டியிலிருந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்ள வழி விடுவது அதுவே. அது அடைபட்டால், ஆறிய பின்னர் மேல் குழாய் சப்பிப்போய் ஒட்டிக் கிடக்கும். அக்காட்சியைக் கண்டால் குழாயைக் குறை கூறாதீர்கள், மூடியை மாற்றுங்கள்.

நான்காவதாக, வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் அடைப்பு வளையம் தேய்ந்தால் அத்துளை வழியே நீர் வரும். அது அறிவிப்புத் துளை. அதனைப் பசை வைத்து அடைத்துவிட்டால் நோய் தீராது. பம்பின் சக்கரம் ஆடினாலும், கரகரவென்று ஒலித்தாலும் பம்பை மாற்றும் காலம் வந்துவிட்டது. சில கார்களில் டைமிங் பெல்ட்டே பம்பையும் சுழற்றுகிறது. அவற்றில் பெல்ட்டையும் பம்பையும் சேர்த்து மாற்றினால் கூலி மிச்சமாகும்.

ஐந்தாவதாக, எஞ்சினின் பக்கவாட்டில் நாணயம் போன்று பதித்திருக்கும் இரும்பு அடைப்புகள். வெறும் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய கார்களில் இவை உள்ளிருந்து துருப்பிடித்துத் துளை விழும்.

இத்தனையும் பார்த்த பின்னரும் கசிவு தென்படவில்லையாயின், பட்டறையில் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் பொறித்துள்ள அளவுக்கு மேற்போகாமல் காற்றழுத்தம் கொடுப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முள் இறங்கினால் கசிவு உண்டு. எஞ்சின் ஆறியிருக்கையிலேயே செய்வதால், கசியும் இடத்தையும் அச்சமின்றிக் கண்ணால் காணலாம்.

முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால், கசிவு எஞ்சினுக்கு உள்ளேயே இருக்கலாம். வெள்ளைப் புகை இனிப்பு மணத்தோடு இடைவிடாது வருதல், புறப்பட்ட சிறிது நேரத்திலேயே குழாய்கள் கல்லாக இறுகுதல், ரேடியேட்டரில் குமிழிகள் தொடர்ந்து எழுதல், எண்ணெய் அளவுகோலில் பால் கலந்த தேநீர் போன்ற நிறம் தோன்றுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். எண்ணெய் ஊற்றும் மூடியில் மட்டும் சிறிதளவு வெண்படலம் கண்டால் பதற வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் கார்களில் நம் நாட்டு ஈரக்காற்றினாலும் அது உண்டாகும். அளவுகோலே பால் நிறமாக இருந்தால் மட்டும் எஞ்சினை ஓட்டாதீர்கள்.

சரிசெய்யும் முறை

கிளிப் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும். துருப்பிடித்த கிளிப்பை மாற்றிவிடுவதே நன்று. குழாயை மாற்ற வேண்டுமாயின், எஞ்சின் நன்கு ஆறிய பின், ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து நீரைப் பாத்திரத்தில் பிடியுங்கள். கால்வாயிலோ புல்லிலோ ஊற்றினால் ஆடுமாடுகள் குடிக்கும். பட்டறையில் கொடுத்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்ட பழைய குழாயை முறுக்கிப் பிடுங்கினால் பிளாஸ்டிக் கழுத்து உடைந்துவிடும். குழாயைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கழுத்தைக் கீறாமல் உரிக்கும் கைப்பக்குவம் பால்மரம் வெட்டுவோர்க்கு வாய்த்ததே. பின்னர் கழுத்தைத் துடைத்து, புதிய குழாயை முழுதும் உள்ளே தள்ளி, கழுத்திலுள்ள மேட்டைத் தாண்டிக் கிளிப் அமரும்படி இறுக்குங்கள். சோப்பு நீரைச் சிறிது தடவினால் எளிதாக ஏறும், எண்ணெய் தடவாதீர்கள்.

நீர் நிரப்புவதிலும் முறை உண்டு. மூடியைத் திறந்தபடியே மெல்ல மெல்ல ஊற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். காற்றுக் குமிழிகள் வெளியேற வெளியேற நீர் மட்டம் இறங்கும், மேலும் ஊற்றுங்கள். மேல் குழாய் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று பொருள். மட்டம் நிலைத்த பின் மூடியைப் போட்டு, துணைப் புட்டியில் மேல் கோடு வரையில் நிரப்புங்கள். மறுநாள் காலையில் ஆறிய நிலையில் மீண்டும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியே இல்லாத கார்களும் உள்ளன. அவற்றுக்குக் காருடன் வரும் கையேட்டின்படி நடந்துகொள்ள வேண்டும்.

‘நம் நாட்டில் பனி உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. இங்கு அதன் முதல் வேலை துருவைத் தடுப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும், பம்பின் அடைப்பு வளையத்தைக் காப்பதும் ஆகும். பொதுவாகக் கூலண்ட் பாதி, வடித்த நீர் பாதி என்று கலப்பார்கள். கலந்தே விற்கப்படுவதும் உண்டு; அதில் மேலும் தண்ணீர் சேர்க்கக்கூடாது. கிணற்று நீரும் ஆற்று நீரும் உப்பும் சேறும் படியச் செய்யும். நிறம் ஒன்றாக இருந்தால் வகையும் ஒன்றுதான் என்று எண்ணாதீர்கள். நிறம் வெறும் சாயமே. வகையைக் கையேட்டில் பார்த்து வாங்குங்கள்.

வழியில் நேர்ந்தால்

வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கினால், குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, எஞ்சினை நிறுத்துங்கள். ‘இன்னும் இரண்டு மைல்தானே’ என்ற எண்ணமே எஞ்சின்களைக் கொல்கிறது. நீர் முழுவதும் வற்றிவிட்டால், அளக்கும் கருவி வெறும் காற்றில் நின்று, முள் தாழ்ந்து காட்டவும் கூடும். ஏறியிருந்த முள் திடீரென்று இறங்கினால் அதனை நல்ல செய்தி என்று நம்பிவிடாதீர்கள். கொதிக்கும் எஞ்சின் மீது குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் வெடிக்கும்.

குழாயில் வெடிப்புக் கண்டால், ஆறிய பின் நன்கு துடைத்து, பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்துப் பிடித்துச் சுற்றின் மேல் பாதிச் சுற்று ஏறும்படி இறுகச் சுற்றிக் கம்பியால் கட்டுங்கள். நீர் ஊற்றி, அழுத்தம் சேராதிருக்க மூடியை முதல் தடையோடு நிறுத்தி, மெதுவாக ஓட்டி, அடிக்கடி நின்று பார்த்துப் பட்டறையை அடையலாம். இது வீடு சேர்வதற்கான உபாயமே அன்றி, நிலையான பழுதுபார்ப்பு அன்று.

மஞ்சள் தூள், மிளகுத் தூள், முட்டை வெள்ளை ஆகியவற்றை ரேடியேட்டரில் போட்டால் கசிவு நிற்கும் என்று கூறுவோர் உண்டு. சிறு துளை சில நாள் அடைபடலாம்; அதனுடன் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களும் அடைபடும். ‘வெப்ப நாட்டுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம், கழற்றி எறியுங்கள்’ என்பதும் தவறான அறிவுரை. அது இல்லாத எஞ்சின் வேண்டிய சூட்டை அடையாமல் பெட்ரோலை வீணாக்கும், தேய்மானமும் கூடும்.

பட்டறையிலும் கார் வாங்கும்போதும்

நேர்மையான போமன்மார் பலர் உள்ளனர். எனினும் நம் அறியாமையே பிறர்க்கு வாய்ப்பாகிவிடக்கூடாது. வேலை தொடங்கும் முன்னரே செலவைக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள், ரசீது பெறுங்கள். ‘எஞ்சினையே பிரிக்க வேண்டும்’ என்று கூறப்பட்டால், அழுத்தச் சோதனையின் முடிவைக் காட்டும்படி பணிவோடு கேளுங்கள். அநீதி நேர்ந்தால், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், வழக்கறிஞர் இன்றியே முறையிடலாம். அங்கே கையில் இருக்க வேண்டியது ரசீது.

பழைய கார் வாங்கும்போது, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் சென்று பாருங்கள். நீங்கள் வருமுன்னரே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். ரேடியேட்டரில் துரு நிறச் சேறோ எண்ணெய்ப் படலமோ மிதந்தால் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள்.

நிறைவாக, வாரந்தோறும் ஓய்வு நாள் காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். துணைப் புட்டியின் நீர் மட்டம், குழாய்கள், கார் நின்ற தரை இம்மூன்றையும் பாருங்கள். மட்டத்தைப் பார்த்த நாளையும், ஊற்றிய அளவையும் பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து மட்டம் குறைந்தால், மூன்றாவது வாரத்தை எதிர்பார்த்திராமல் கசிவைத் தேடுங்கள். பிள்ளைகளும் உடனிருந்து பார்த்தால், இந்தத் தொழிலறிவு அவர்களுக்கும் பயன்படும். விருப்பமுள்ள இளைஞர்கள் தொழிற்பயிற்சி பெற்றுத் தோட்டத்திற்கே ஒரு நல்ல போமனாக விளங்கவும் கூடும்.